சேறு வேறு, 'பாகி' வேறு

மகப்பேறு பற்றிய ஓர் ஆங்கிலக் கையேட்டின் தமிழாக்கத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் சரிபார்க்க நேர்ந்தது. பிரசவத்துக்குப் பின் செவிலியர் கவனிக்க வேண்டிய அபாய அறிகுறிகளின் வரிசையில் 'சேறான கருப்பை' என்று அச்சாகியிருந்தது. அந்த வரியை விட்டு நகர முடியவில்லை. மொழிபெயர்த்தவர் அலட்சியக்காரர் அல்லர். 'பாகி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டியிருக்கிறார்; அங்கே 'சேறான, சதுப்பான' என்று இருந்திருக்கிறது; அதை நம்பி எழுதிவிட்டார். ஒரு தாயின் உயிரைக் காக்க வேண்டிய வரி, படிப்பவருக்கு எதையும் சொல்லாமல் கிடந்தது.

அன்று முதல் இந்தச் சொல் எங்கே வந்தாலும் நின்று பார்க்கிறேன். ஆங்கிலம் கற்பவர்களிடம் 'மடி', 'சாகி', 'மார்ஷி', 'ஸ்வாம்பி', 'பாகி' ஆகிய ஐந்துக்கும் பொருள் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடை வருகிறது: சேறும் சகதியுமான. விடை முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மல்லிகை, முல்லை, செண்பகம் மூன்றையும் 'பூ' என்று சொல்லிவிட்டுப் போவதைப் போன்றது அது.

முதலில் எழுத்து. பி, ஓ, இரண்டு ஜி, ஒய். ஓ இருக்க வேண்டிய இடத்தில் ஏ வந்தால் அது 'பேகி'; தொளதொளவென்ற கால்சட்டையைக் குறிக்கும் சொல். யு வந்தால் 'பகி'; அது ஒரு சிறு வண்டி. பாகியின் முதல் உயிரொலி நம் ஆவுக்கும் ஒகரத்துக்கும் நடுவில் குறுகி ஒலிக்கும். தமிழ் எழுத்தில் அதைத் துல்லியமாகக் காட்ட வழியில்லை என்பதால் இங்கே 'பாகி' என்றே எழுதுகிறேன்.

நடவு வயலில் தொடங்குவோம்

நடவுக்குத் தயாரான நெல் வயலில் இறங்கியவர்களுக்குத் தெரியும். கால் கெண்டைச்சதை வரை உள்ளே போகும். பிறகு நின்றுவிடும். ஆண்டாண்டாகச் சேற்றுழவு செய்த வயலில், உழவு படும் ஆழத்துக்குக் கீழே மண் இறுகி ஒரு தட்டுப் போல உருவாகியிருக்கும். நம் பாதம் அந்தத் தட்டில்தான் நிற்கிறது. அதனால்தான் அங்கே மாடு உழுதது, இன்று டிராக்டர் ஓடுகிறது, பெண்கள் குனிந்து நாள் முழுவதும் நடவு செய்கிறார்கள். மேலே சேறு, கீழே தரை.

இதை ஆங்கிலத்தில் 'மடி' என்பார்கள். மண்ணும் தண்ணீரும் குழைந்த சேறு மேலே இருக்கிறது, ஒட்டுகிறது, தெறிக்கிறது என்பதே அந்தச் சொல்லின் செய்தி. ஒட்டக்கூடியது என்பதால் அந்தச் சொல் தரையை விட்டு நகர்ந்தும் போகும். சேறு படிந்த செருப்புக்கும், கலங்கிய ஆற்று நீருக்கும், சேற்றில் விளையாடிவிட்டு வந்த குழந்தையின் முழங்காலுக்கும் 'மடி' பொருந்தும்.

இப்போது அந்த வயலுக்கு அடியில் தட்டே இல்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள். மேலே சேறுகூடக் கண்ணில் படவில்லை. பச்சைப்பசேலென்று பாசியும் புல்லும் போர்த்தியிருக்கின்றன. நம்பி ஒரு காலை ஊன்றுகிறீர்கள். தரை மெத்தை போல அமுங்குகிறது. பாதத்தைச் சுற்றித் தண்ணீர் ஊறி மேலே வருகிறது. அடுத்த காலை வைத்தால் இன்னும் ஆழம். இந்தத் தரைதான் 'பாகி'.

வேறுபாட்டைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. செருப்பை 'மடி' என்று சொல்லலாம். 'பாகி' என்று சொல்ல முடியாது. சேறு செருப்போடு வீட்டுக்கு வரும். காலைத் தாங்காத தன்மை தரையிலேயே தங்கிவிடும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: 'மடி' மேற்பரப்பில் இருக்கும் சேற்றைச் சொல்கிறது, கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். 'பாகி' தரை உங்கள் எடையைத் தாங்குமா என்பதைச் சொல்கிறது. கால் வைத்தால்தான் தெரியும்.

தேநீரில் நனைத்த பிஸ்கட்

'சாகி'யையும் இங்கேயே முடித்துவிடலாம். தேநீரில் தோய்த்த பிஸ்கட், சாம்பாரில் வெகுநேரம் ஊறிய வடை, மழையில் நனைந்த செய்தித்தாள் எல்லாம் 'சாகி'. உறுதியாக இருக்க வேண்டிய ஒன்று நீரை உறிஞ்சித் தொய்ந்துபோனது என்று பொருள். புல்வெளியையும் அப்படிச் சொல்வார்கள். ஆனால் அங்கே நேற்றைய மழை நினைவில் இருக்கும், இரண்டு நாள் வெயிலில் சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பும் இருக்கும். 'பாகி' என்று ஒரு நிலத்தைச் சொல்லும்போது பெரும்பாலும் அதன் இயல்பையே சொல்கிறோம்.

தரை ஏன் தாங்குவதில்லை?

அரிசி மூட்டை மீது ஏறி நிற்கலாம். அதே அரிசியைக் கஞ்சியாக்கி அண்டாவில் ஊற்றினால் அதன் மீது நிற்க முடியுமா? மூட்டையில் ஒரு மணி அடுத்த மணியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் எடை மணிக்கு மணி கைமாறிக் கீழே தரைக்குப் போய்ச் சேருகிறது. கஞ்சியில் மணிகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து அவற்றைப் பிரித்துவிட்டது. எடை தண்ணீரின் மீது விழுகிறது. தண்ணீருக்கு விலகி ஓடத்தான் தெரியும்.

மண்ணிலும் இதுதான் நடக்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள சிறு வெற்றிடங்களைத் துளைவெளி என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த நிலத்தில் துளைவெளியில் காற்றும் சிறிது ஈரமும் இருக்கும். துகள்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். மழை தொடர்ந்து பெய்து, வடிய வழியும் இல்லாவிட்டால் துளைவெளி முழுவதும் நீர் நிரம்பிவிடும். காலை ஊன்றும்போது அந்த நீரில் அழுத்தம் ஏறுகிறது, துகள்களின் பிடி தளர்கிறது, கால் இறங்குகிறது.

எந்த ஊர் மண்ணுக்கும் இவ்வளவு பொருந்தும். 'பாகி' என்ற சொல் பிறந்த நிலத்தில் இன்னொரு சங்கதியும் சேர்கிறது. அங்கே காலுக்கு அடியில் இருப்பதில் பெரும்பகுதி மண்ணே அல்ல.

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து போன்ற குளிர்ந்த, மழை மிகுந்த நாடுகளில் ஸ்பேக்னம் என்ற பாசி பரந்து வளர்கிறது. அதன் உடலில் வெற்றுக் கூடுகளாக நிற்கும் உயிரணுக்கள் ஏராளம். ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத குடம். தன் உலர்ந்த எடையைப் போல ஏறத்தாழ 20 மடங்கு நீரை இந்தப் பாசி பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் உலகப் போரில் பஞ்சு கிடைக்காமல் போனபோது காயங்களுக்குக் கட்டுப்போட இதையே காயவைத்துப் பயன்படுத்தினார்கள்.

பாசியின் மேல் முனை வளர்ந்துகொண்டே போகும். அடிப்பகுதி செத்துப் படியும். நம் ஊர் என்றால் செத்த இலை ஒரு பருவத்துக்குள் மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும். அங்கே அப்படி நடப்பதில்லை. ஊறுகாய் ஜாடியை நினைத்துப் பாருங்கள். மேலே நிற்கும் எண்ணெய் காற்றை அண்டவிடுவதில்லை. புளிப்பு கிருமிகளை வளரவிடுவதில்லை. மாங்காய் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. அந்த நிலத்தில் எண்ணெயின் வேலையைத் தேங்கிய நீர் செய்கிறது. புளிப்புக்கும் குறைவில்லை, ஸ்பேக்னம் தன்னைச் சுற்றியுள்ள நீரை அமிலமாக்கிவிடும். குளிரும் சேர்ந்துகொள்கிறது. செத்த பாசி அரைகுறையாக மக்கி, பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. இந்தப் பொருளின் பெயர்தான் பீட்.

இந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் வாங்கும் 'கோகோபீட்' கட்டி இருக்கிறதே, பொள்ளாச்சியிலிருந்து கப்பலேறும் தென்னை நார்க்கழிவு, அது பீட்டுக்கு மாற்றாக வந்ததால்தான் அந்தப் பெயரைப் பெற்றது. ஒரு கைப்பிடி கோகோபீட்டை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பாருங்கள். பாகி நிலம் பாதத்துக்கு எப்படி இருக்கும் என்பது கைக்கு ஓரளவு புரிந்துவிடும்.

பீட் ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. ஒரு மீட்டர் ஆழம் என்றால் ஆயிரம் ஆண்டு. எடையில் 90 சதவீதம் அளவுக்கு அது தண்ணீர்தான். பாலில்கூடத் தண்ணீர் 87 சதவீதம்தான். பாலை விட நீர்த்த ஒன்று நாரின் பின்னலால் மட்டும் தரை போல நிற்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அதனால்தான் சில இடங்களில் ஒருவர் நடந்தால் சற்றுத் தள்ளி நிற்பவரின் காலுக்கும் அசைவு தெரிகிறது.

தாங்காத தரை என்றால் எவ்வளவு தாங்காது? அயர்லாந்தின் லாங்ஃபோர்டு பகுதியில் கோர்லியா என்ற இடத்தில் இத்தகைய நிலத்தின் குறுக்கே கி.மு. 148இல் ஓக் பலகைகளால் ஒரு சாலை அமைத்தார்கள். வண்டி போகும் அகலம் கொண்ட சாலை. சில ஆண்டுகளிலேயே அது தன் எடையாலேயே உள்ளே அமிழ்ந்துவிட்டது. ஊறுகாய் ஜாடிக்குள் விழுந்த பலகைகள் மக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் பீட் வெட்டும்போது அவை வெளிப்பட்டன. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணித்தான் அந்த ஆண்டையே கண்டுபிடித்தார்கள். டென்மார்க்கில் 1950இல் பீட் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு மனித உடலைக் கண்டு, அண்மையில் நடந்த கொலை என்று எண்ணிக் காவல்துறையை அழைத்தார்கள். முகத்தில் முள்தாடிகூடத் தெரிந்தது. அந்த மனிதர் இறந்து 2,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இதே தரையின் மீது ரயிலும் ஓடுகிறது. லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையில் 1830இல் திறந்த இருப்புப் பாதை, சாட் மாஸ் என்ற பெரும் பாகி நிலத்தைக் கடக்க வேண்டியிருந்தது. கொட்டிய மண்ணெல்லாம் உள்ளே போனது. கடைசியில் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபன்சன் மரக்கிளைகளையும் ஹெதர் புதர்களையும் பின்னித் தட்டிகளாக்கிப் பரப்பி, அவற்றின் மேல் தண்டவாளத்தைப் போட்டார். பாதை தெப்பம் போல மிதந்தது. எடை ஓரிடத்தில் குத்தாமல் பரவினால் பாகி நிலமும் தாங்கும் என்பது அங்கே தெளிவாயிற்று. இன்றும் அந்த வழியே ரயில் போகிறது.

மீண்டும் ஒருமுறை கோத்துக்கொள்வோம். நீர் வடிய வழியில்லை. அதனால் செத்த செடி மக்கவில்லை. மக்காத செடி பீட்டாகக் குவிகிறது. பீட் மேலும் நீரைப் பிடித்து வைக்கிறது. இந்தச் சுழலில் உருவான, கால் அமிழும் தரைக்கு ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் 'பாக்'. அதிலிருந்து வந்த பெயரடை 'பாகி'. பேச்சு வழக்கில் பீட் இல்லாத இடத்தையும், கால் அமிழ்ந்தால் போதும், பாகி என்றே சொல்வார்கள்.

பெயர் எங்கிருந்து வந்தது

ஐரிஷ் மொழியில் 'பாக்' என்றால் மென்மையான என்று பொருள். அதிலிருந்து 'பாகக்' என்று மெத்து நிலத்துக்குப் பெயர் வந்தது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பேசப்படும் கேலிக் மொழிகளிலிருந்து 1500ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. பாகி என்ற பெயரடை அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. தீவின் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையாமல் பீட் நிலம் கொண்ட நாடு அயர்லாந்து. தலைமுறை தலைமுறையாகப் பீட்டைச் செங்கல் போல வெட்டி, காயவைத்து, அடுப்பெரித்தவர்கள் அந்த மக்கள். இந்தத் தரைக்குச் சொல் கொடுக்கும் உரிமை அவர்களைத் தவிர வேறு யாருக்கு இருக்க முடியும்?

ஐரிஷில் இன்றும் ஒருவரை 'அவசரப்படாதே, பொறுமையாகப் பார்' என்று சொல்ல வேண்டுமானால் 'மென்மையாக எடுத்துக்கொள்' என்பது போல ஒரு தொடர் சொல்வார்கள். அதிலும் இந்த 'பாக்' உண்டு. சொல்லின் வேர் சேறு அல்ல, மென்மை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமாக விளங்கும்.

அக்கம்பக்கத்துச் சொற்கள்

'மார்ஷி' என்றால் புல்லும் கோரையும் நாணலும் வளரும், ஆழமில்லாத நீர் தேங்கும் நிலம். சென்னையின் பள்ளிக்கரணை ஆங்கிலத்தில் 'மார்ஷ்'. 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றபோதும் அந்தப் பெயரோடுதான் இடம்பெற்றது. 'ஸ்வாம்பி' என்றால் மரங்கள் நிற்கும் நீர்நிலம். பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டை ஆங்கிலத்தில் 'ஸ்வாம்ப்' வகையில் சேர்ப்பார்கள். இவை இரண்டையும், பீட் நிலத்தையும் சேர்த்து நாம் 'சதுப்பு நிலம்' என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம். குழப்பத்தின் ஊற்றுக்கண்களில் ஒன்று இது. 'ஃபென்' என்று இன்னொன்றும் உண்டு. அதுவும் பீட் நிலம்தான், ஆனால் மழையோடு நிலத்தடி நீரும் அதற்கு ஊட்டம் தருகிறது. 'வாட்டர்லாக்டு' என்பது நீர் தேங்கிய வயலுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் வழங்கும் சொல்.

பீட் நிலம் நமக்கு முற்றிலும் அயல் என்றும் சொல்ல முடியாது. நீலகிரியின் மேட்டுப் பள்ளத்தாக்குகளில் பீட் படிந்திருக்கிறது. அதைத் தோண்டி அடுக்குகளை ஆராய்ந்துதான் கடந்த 20,000 ஆண்டுகளில் அங்கே புல்வெளியும் சோலையும் எப்படி மாறிமாறி வந்தன என்பதை 1990களில் அறிவியலாளர்கள் கணித்தார்கள். ஊட்டிப் பக்கத்துப் புல்வெளிப் பள்ளத்தில் கால் புதைந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், 'பாகி' உங்களுக்கு முன்பே அறிமுகமாகிவிட்டது.

மருத்துவமனையில் இந்தச் சொல்

குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளிவந்த பிறகு கருப்பை சுருங்கி இறுக வேண்டும். நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்து இரத்தக் குழாய்களை அந்த இறுக்கம்தான் நெரித்து மூடுகிறது. செவிலியர் தாயின் அடிவயிற்றில் கை வைத்து அழுத்திப் பார்க்கும்போது உருண்டு இறுகிய பந்து போல ஒன்று கைக்குத் தட்டுப்பட வேண்டும். அப்படி இல்லாமல் மெத்தென்று அமுங்கினால் கருப்பை சுருங்கவில்லை. இரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம். அந்த நிலைக்கு மருத்துவ ஆங்கிலத்தில் வழங்கும் சொல் 'பாகி'. அழுத்தினால் எதிர்த்து நிற்காத மென்மை என்ற ஐரிஷ் வேர் பல நூற்றாண்டு கடந்து செவிலியரின் விரல் நுனியில் வந்து நிற்கிறது. தலையில் பூஞ்சைத் தொற்றால் வரும் ஒருவகை வீக்கத்தையும், தொட்டால் மெத்தென்று இருப்பதால், பாகி என்றே எழுதுவார்கள். சேற்றுக்கு இங்கே எந்த வேலையும் இல்லை.

வினையாகவும் இதே வேர் பயன்படுகிறது. சேற்றில் வண்டி மாட்டிக்கொள்வதைப் போல, கூட்டம் சில்லறை விவரங்களில் சிக்கி நகராமல் போனால் 'பாக்டு டவுன்' என்பார்கள். பிரிட்டனில் பேச்சு வழக்கில் 'பாக்' என்றால் கழிப்பறை. பெயர்ச்சொல்லை அங்கே பயன்படுத்தும்போது இடம் பார்த்துப் பயன்படுத்துங்கள். பெயரடைக்கு அந்தச் சங்கடம் இல்லை.

இந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தால், நிலமானாலும் உடலானாலும் 'பாகி' கேட்கும் கேள்வி ஒன்றே: அழுத்தினால் தாங்குகிறதா, அமுங்குகிறதா?

தமிழில் எப்படிச் சொல்வது

நம் மொழியில் இதற்குச் சொல் இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. அகராதி நமக்குக் காட்டிய இடம்தான் தவறு. 'பொதபொத' என்று நம் வீடுகளில் புழங்கும் இரட்டைக்கிளவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊறி, உப்பி, தொட்டால் அமுங்குவதற்கு அதை விடப் பொருத்தமான ஒலி இல்லை. 'சாகி'க்குச் 'சொதசொத'. ஈரம் விடாத தரைக்குச் 'சதசத'. ஆங்கிலம் தனித்தனிப் பெயரடைகளால் செய்வதை நாம் ஒலியால் செய்து வந்திருக்கிறோம். எழுத்தில் இவற்றுக்கு மதிப்பில்லை என்று யாரோ நினைத்ததால்தான் எல்லாம் 'சேறான' என்ற ஒரே சொல்லில் போய் விழுந்தன.

நிலத்தைக் குறிக்கும்போது 'உளை', 'உளைச்சேறு', 'புதைசேறு' என்ற சொற்கள் இருக்கின்றன. அழுந்தும் சேற்றுக்கு 'அளறு' என்ற பழஞ்சொல்லும் இருக்கிறது. இன்னொரு சொல்லை மட்டும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். 'களர்' என்று இன்று சொன்னால் வேளாண் துறையினர் சோடியம் மிகுந்து பயிர் விளையாத மண்ணைப் புரிந்துகொள்வார்கள். திருக்குறளிலேயே கல்லாதவரைப் 'பயவாக் களர்' என்னும் 406ஆம் குறளில் பொருள் அதுதான். ஆனால் இடனறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளான 500இல் 'காலாழ் களர்' என்று வருகிறது. உரைகள் அதைச் சேற்று நிலம் என்று விளக்குகின்றன. வேலேந்திய வீரரையே எதிர்த்து நின்ற ஆண் யானையை, கால் ஆழும் அந்த நிலத்தில் ஒரு நரி கொன்றுவிடும் என்கிறது குறள்.

'கால் ஆழ்' என்ற அந்த இரண்டு சொற்களில் பாகியின் பொருள் முழுவதும் இருக்கிறது. பார்த்தால் எப்படி இருக்கும் என்று வள்ளுவர் சொல்லவில்லை. காலுக்கு என்ன ஆகும் என்று சொன்னார்.

ஆகவே, நடைபயணக் குறிப்பு ஒன்றில் பாதை 'பாகி' என்று வந்தால் 'கால் புதையும் பாதை' என்று எழுதுங்கள். புல்வெளி 'பாகி' என்றால் 'பொதபொதவென்று அமுங்கும் புல்வெளி'. குதிரை மிரண்டு பாகி நிலத்தில் இறங்கிவிட்டது என்று கதையில் வந்தால் 'உளையில் இறங்கிவிட்டது'. அந்தக் கையேட்டில் நான் 'சேறான கருப்பை'யை அடித்துவிட்டு, 'கருப்பை இறுகாமல், அழுத்தினால் மெத்தென்று அமுங்குதல்' என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று சொற்கள் கூடின. அச்சில் இடம் போதவில்லை என்றார்கள். பக்கத்துப் படத்தைச் சற்றுச் சிறிதாக்கச் சொன்னேன்.